நடுவில் ஆள் இல்லாமல் கிரிப்டோ மாற்ற: கைக்குதவும் 43 குறிப்புகள்

பக்கத்து வீட்டுக்கு ஒரு படி உளுந்து கொடுத்து ஒரு படி துவரம்பருப்பு வாங்கிக்கொள்ள நடுவில் கடைக்காரர் வேண்டியதில்லை. அவர்கள் நீட்டும்போதே நாமும் நீட்டுகிறோம், அவ்வளவுதான். கிரிப்டோவிலும் அதே பண்டமாற்று உண்டு. அட்டாமிக் ஸ்வாப் என்று பெயர். வேறு வேறு பிளாக்செயினில் இருக்கும் நாணயங்களை இரண்டு பேரும் பூட்டி வைக்கிறோம், இரண்டு பூட்டுக்கும் ஒரே ரகசியம்தான் சாவி. கிடைத்தால் இருவருக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் அவரவர் காசு அவரவருக்கே திரும்பும்.

2013ல் டியர் நோலன் என்பவர் எழுதிவைத்த யோசனை இது. 2017 செப்டம்பரில் லைட்காயினை உருவாக்கிய சார்லி லீ, லைட்காயின் கொடுத்து டெக்ரெட் வாங்கிக் காட்டினார். எக்ஸ்சேஞ்சில் போட்டுவைத்த காசு மவுண்ட் காக்ஸில் 2014லும் எஃப்டிஎக்ஸில் 2022லும் முடங்கியதையும், 2024 ஜூலையில் வஸீர்எக்ஸில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டுப் போனதையும் பார்த்தவர்களுக்கு இந்த வழியின் அருமை புரியும்.

எங்கள் வீட்டில் லைட்காயின் என்னிடம், பிட்காயின் தம்பியிடம். நாங்கள் மாற்றி மாற்றிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே தருகிறேன். கீழே ‘அக்கா’ என்றால் முதலில் பூட்டுபவர், ‘தம்பி’ என்றால் அடுத்துப் பூட்டுபவர். வாலட், ஹாஷ், கன்ஃபர்மேஷன் எல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே, நேராகக் குறிப்புகளுக்குப் போகலாம்.

1. ஸ்வாப் தொடங்கும் முன் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். பேசிய விலை, இரண்டு தொகைகள், ரகசியத்தின் ஹாஷ், இரண்டு பூட்டும் திறக்கும் நேரம் என்று நான்கு வரி போதும். பிறகு எது கேட்டாலும் பழைய மெசேஜ்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

2. கட்டணம் குறைவான செயினில் காசு வைத்திருப்பவரே முதலில் பூட்டட்டும். அடுத்தவர் வராமல் போனால் பூட்டிய செலவும் திரும்ப எடுக்கும் செலவும் முதலாமவர் தலையில்தான் விழும். லைட்காயினில் அது சில்லறைக் காசு. பிட்காயினில் நெரிசலான நாள் என்றால் மனசு வலிக்கும்.

3. விலை பேசும்போது புள்ளிக்குப் பின்னால் வரும் பூஜ்ஜியங்களை நம்பாதீர்கள், சதோஷியாகவே பேசுங்கள். ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சதோஷி. ‘0.0035’ என்பதை அவசரத்தில் ‘0.035’ என்று அடித்துவிடலாம். ‘மூன்றரை லட்சம் சதோஷி’ என்று சொன்னால் தவறவே வாய்ப்பில்லை.

4. எல்லா நாணயத்துக்கும் ஒரே தசமம் கிடையாது. பிட்காயின், லைட்காயின், டெக்ரெட்டுக்கு 8 இடம், மொனேரோவுக்கு 12, ஈதருக்கு 18. இந்த மூன்று எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

5. ஒரு ஸ்வாப்புக்கு மொத்தம் நான்கு பரிவர்த்தனை: பூட்ட இரண்டு, எடுக்க இரண்டு. சின்னத் தொகையை மாற்றினால் பருப்பை விடப் பை விலை அதிகம் என்கிற கதையாகிவிடும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதை விட மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து மாற்றுவது எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

6. இந்த நான்கில் ஆளுக்கு இரண்டு செலவு. அக்கா லைட்காயினைப் பூட்டுகிறார், பிட்காயினை எடுக்கிறார். தம்பி பிட்காயினைப் பூட்டுகிறார், லைட்காயினை எடுக்கிறார். இதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொண்டால் ‘உன் கட்டணம், என் கட்டணம்’ என்று பின்னால் மனத்தாங்கல் வராது.

7. பிட்காயின் கட்டணம் தொகையைப் பார்ப்பதில்லை, பைட் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். வாலட்டில் துண்டு துண்டாக வந்து சேர்ந்த சில்லறை நிறைய இருந்தால் பூட்டும் பரிவர்த்தனை பருத்துவிடும். கட்டணம் இறங்கிய நாளில் சில்லறை எல்லாவற்றையும் நம் முகவரிக்கே ஒன்றாக அனுப்பி நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

8. காய்கறிச் சந்தைக்கு நேரம் பார்த்துப் போவது போல மெம்பூலைப் பார்த்துப் பூட்டுங்கள். வார இறுதியில் பெரும்பாலும் நெரிசல் குறைவு. 2024 ஏப்ரல் 20ல் பிட்காயின் பாதியாக்கம் நடந்த அன்று கட்டணம் தாறுமாறாக ஏறியது; இதுபோல முன்கூட்டியே தெரிந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

9. நடுவில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: ‘எதிராளி காணாமல் போனால் என் காசை நானே, யாரையும் கேட்காமல், திரும்ப எடுக்க முடியுமா?’ முடியாது என்றால் பெயரில் ஸ்வாப் என்று இருந்தாலும் அது வேறு சமாச்சாரம். ‘முதலில் இந்த முகவரிக்கு அனுப்புங்கள், உங்களுடையது வந்துவிடும்’ என்று சொல்லும் இடங்கள் எல்லாம் இந்த வகைதான்.

10. ஈத்தீரியத்தில் கிடைக்கும் டபிள்யூபிடிசி, பிட்காயின் போலவே விலை காட்டும். ஆனால் அசல் பிட்காயின் ஒரு காப்பாளரிடம் இருக்கிறது. அடகுச் சீட்டும் நகையும் ஒன்றல்ல. நமக்கு வேண்டியது அசல் என்றால் அசல் செயினிலேயே கேட்டு வாங்குங்கள்.

11. பிரிட்ஜ்களும் அப்படித்தான், எல்லாருடைய காசும் ஒரே பெட்டியில் குவிந்திருக்கும். 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோலில் சுமார் 32 கோடி டாலர், அடுத்த மாதமே ரோனினில் 60 கோடி டாலருக்கு மேல் போனது. அட்டாமிக் ஸ்வாப்பில் பெட்டியே இல்லை, நம் இருவருடைய பூட்டு மட்டும்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே கொஞ்சம் மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை என்பேன்.

12. அக்கா பூட்டுக்கு 48 மணி நேரம், தம்பி பூட்டுக்கு 24 மணி நேரம். டெக்ரெட் குழு வெளியிட்ட ஸ்வாப் கருவிகளில் இருக்கும் கணக்கு இது, அப்படியே பின்பற்றலாம். இரண்டு பூட்டுக்கும் ஒரே நேரம் வைக்கவே கூடாது: கடைசி நிமிடத்தில் அக்கா பிட்காயினையும் எடுத்து, லைட்காயினையும் திரும்ப எடுத்துக்கொள்ள வழி பிறந்துவிடும்.

13. நோட்டில் ‘48 மணி நேரம்’ என்று எழுதாதீர்கள், ‘செவ்வாய் காலை 9.40’ என்று எழுதுங்கள். எக்ஸ்ப்ளோரர்கள் சில சமயம் கிரீன்விச் நேரம் காட்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். நான் இரண்டு நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன், தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

14. அக்கா பூட்டியதும் தம்பி உடனே பூட்ட வேண்டும், தள்ளிப்போட்டால் இடைவெளி கரையும். ஒருமுறை நான் லைட்காயினைப் பூட்டிய பிறகு தம்பிக்கு அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட் வந்துவிட்டது, 20 மணி நேரம் கழித்துத்தான் கணினியைத் திறந்தான். அப்போது என் பூட்டில் மிச்சம் 28 மணி நேரம். அவன் 24 மணி நேரப் பூட்டுப் போட்டால் நடுவில் வெறும் நான்கு மணி நேரம்தான் நிற்கும். நான் எடுப்பதைப் பார்த்து, ரகசியத்தை வாங்கி, அவன் தன் பங்கை எடுப்பதற்குள் மின்சாரம் போனால் அவ்வளவுதான். ‘வேண்டாம்டா, விட்டுடு’ என்றேன். பூட்டுத் திறக்கும்வரை காத்திருந்து என் லைட்காயினைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகத் தொடங்கினோம். இரண்டு சின்னக் கட்டணம்தான் நஷ்டம்.

15. அதனால் எங்கள் வீட்டு விதி: இரண்டு பூட்டுக்கும் நடுவில் 20 மணி நேரமாவது இருந்தால்தான் தம்பி பூட்டலாம். அக்கா–தம்பிக்கே இந்த விதி என்றால், முகம் தெரியாதவரிடம் இன்னும் கறாராக இருங்கள்.

16. எதிராளி ‘பூட்டிட்டேன்’ என்று சொன்னால் போதாது, அவர் தந்த கான்ட்ராக்ட்டை, அதாவது பூட்டின் நிபந்தனைகள் எழுதிய வரியை, நாமே பிரித்துப் பார்க்க வேண்டும். தொகை சரியா, பெறுபவர் முகவரி நம்முடையதா, ஹாஷ் அதேதானா, பூட்டு நேரம் பேசியபடிதானா, செயினில் உண்மையிலேயே ஏறிவிட்டதா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஐந்தில் ஒன்று இடித்தாலும் நிறுத்திவிடுங்கள்.

17. மேலே சொன்ன டெக்ரெட் கருவியில் ‘ஆடிட்கான்ட்ராக்ட்’ என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. அடித்ததும் கான்ட்ராக்ட் முகவரி, தொகை, பெறுபவர், திருப்பி எடுப்பவர், ரகசியத்தின் ஹாஷ் எல்லாம் வரிசையாக வரும். கடைசி வரியில் பூட்டுத் திறக்க இன்னும் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்றும் காட்டும். நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான்.

18. ஹாஷ் என்பது 64 எழுத்து. தொடக்கமும் முடிவும் ஒத்துப்போகிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள், ஓர் எழுத்து மாறினாலும் கண்ணில் தட்டுப்படும்.

19. எத்தனை கன்ஃபர்மேஷன் என்பது செயினைப் பொறுத்தது. பிட்காயினில் ஒரு பிளாக்குக்குச் சராசரி 10 நிமிடம், டெக்ரெட்டில் 5, லைட்காயினில் இரண்டரை, ஈத்தீரியத்தில் 12 விநாடி. பொறுத்திருக்கும் நேரத்தைச் சமையலோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்: பிட்காயினில் ஆறு பிளாக் ஏறுவதற்குள் சாம்பாரும் பொரியலும் முடிந்துவிடும்.

20. சின்ன செயின் என்றால் கூடுதலாகக் காத்திருங்கள். பிட்காயின் கோல்டில் 2018 மே மாதத்திலும், ஈத்தீரியம் கிளாசிக்கில் 2020 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் மூன்று முறையும், ஏறிய பிளாக்குகளையே மாற்றி எழுதும் தாக்குதல் நடந்தது. நமக்குப் பூட்டியதாகக் காட்டிய காசு பூட்டாமலே போய்விடக் கூடாது அல்லவா.

21. ரகசியத்தைக் கருவியே உருவாக்கட்டும். பிறந்த தேதி, குலதெய்வம் பெயர் என்று நாமாக எதையும் வைக்க வேண்டாம், ஊகிக்க முடிகிற ரகசியம் திறந்த பூட்டுக்குச் சமம். 32 பைட், முழுக்க முழுக்கத் தற்செயலாக வந்ததாக இருக்க வேண்டும்.

22. ஒருமுறை பயன்படுத்திய ரகசியத்தை மறுபடி எடுக்கவே எடுக்காதீர்கள். போன ஸ்வாப்பில் அது செயினில் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. அதே ரகசியத்தோடு அடுத்த முறை பூட்டினால், எதிராளி தன் பங்கைப் பூட்டாமலே நம்முடையதை எடுத்துக்கொண்டு போகலாம்.

23. ஹாஷைத் தாராளமாகச் சொல்லலாம், ரகசியத்தை மட்டும் சொல்லக் கூடாது. அதை அக்கா வாயால் சொல்ல வேண்டிய வேளையே வராது: அவர் பிட்காயினை எடுக்கும்போது அது தானாகச் செயினில் பதிந்துவிடும், தம்பி அங்கிருந்து எடுத்துக்கொள்வான். ‘நேரம் மிச்சமாகும், ரகசியத்தை இப்பவே அனுப்புங்க’ என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த ஸ்வாப்பே வேண்டாம்.

24. முதலில் பூட்டியவர் வைத்த ரகசியத்தின் நீளத்தைக் கான்ட்ராக்ட்டே சரிபார்க்கிறதா என்று பாருங்கள். ஒரு செயின் ஏற்கும் நீளத்தை இன்னொரு செயின் ஏற்காவிட்டால், அக்கா எடுத்துவிடுவார், தம்பியால் எடுக்க முடியாது. நல்ல கான்ட்ராக்ட்டில் ‘32 பைட் இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கும்.

25. இந்தக் குறிப்பை மட்டும் தயவுசெய்து அடிக்கோடு போட்டு வையுங்கள். அக்கா பிட்காயினை எடுக்கும்போது கட்டணத்தில் கஞ்சத்தனம் கூடாது. எடுக்கும் பரிவர்த்தனை மெம்பூலுக்குப் போன அந்த நொடியே ரகசியம் வெளியே வந்துவிடும். கட்டணம் போதாமல் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தால், எதிராளி ரகசியத்தைப் படித்து லைட்காயினை எடுத்துக்கொண்டு, தன் 24 மணி நேரம் முடிந்ததும் பிட்காயினையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மற்ற எல்லா இடத்திலும் சிக்கனம் பிடிக்கும் நான் இந்த ஒரு படியில் மட்டும் அடுத்த பிளாக்குக்கான கட்டணத்தையே கட்டுவேன்.

26. அந்தக் கட்டணமும் ஒன்றும் பெரிதல்ல, கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுக்கும் பரிவர்த்தனை தோராயமாக 300 பைட் என்று வைத்தால், பைட்டுக்கு 5 சதோஷி வீதம் 1,500 சதோஷி. 10 சதோஷி என்றாலும் 3,000தான். மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இவ்வளவு, பணயம் வைப்பது முழுத் தொகை.

27. அதேபோல எடுப்பதைக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். எதிர்ப்பக்கப் பூட்டில் போதுமான கன்ஃபர்மேஷன் வந்ததும் உடனே எடுத்துவிட்டுத்தான் நான் மற்ற வேலைக்குப் போவேன்.

28. பூட்டிய பரிவர்த்தனை மெதுவாகப் போகிறதே என்று கட்டணத்தைக் கூட்டி மாற்றி அனுப்பாதீர்கள். மாற்றினால் அதன் அடையாள எண்ணே மாறிவிடும். முன்கூட்டிக் கையெழுத்திட்டு வைத்த ரீஃபண்ட் செல்லாக்காசாகும், எதிராளி தேடும் எண்ணும் கிடைக்காது. மீதிச் சில்லறையாக நமக்குத் திரும்பி வரும் பங்கை நல்ல கட்டணத்தோடு இன்னொரு முறை அனுப்பினால், அது பின்னாலிருந்து முன்னதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும்.

29. எடுக்கும் பரிவர்த்தனைக்கு இந்தத் தடை இல்லை. அது நின்றுவிட்டால் தயங்காமல் கட்டணத்தைக் கூட்டி மாற்றி அனுப்புங்கள்.

30. பிட்காயின், லைட்காயின் வகையில் எடுக்கும் கட்டணம் வரும் தொகையிலேயே கழிந்துவிடும், கையில் தனியாக எதுவும் வேண்டாம். ஈத்தீரியத்தில் டோக்கன் வாங்குவதானால் கதை வேறு: கேஸ் கட்டக் கொஞ்சம் ஈதர் முன்பே வாலட்டில் இருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்த பிறகு சிலிண்டரைத் தேடக் கூடாது.

31. பூட்டு நேரம் முடிந்த நிமிடமே ரீஃபண்ட் போகவில்லையா? பதற வேண்டாம். செயின் பார்ப்பது நம் சுவர்க் கடிகாரத்தை அல்ல, கடைசி 11 பிளாக்குகளின் நடு நேரத்தை. பிட்காயினில் அது சுமார் ஒரு மணி நேரமும் லைட்காயினில் கால் மணி நேரமும் பின்தங்கியிருக்கும், ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

32. 12 அல்லது 24 சீட் வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கட்டளை அடித்துச் செய்யும் கருவிகளில், ஸ்வாப்பில் பூட்டிய காசின் கான்ட்ராக்ட் அந்த வார்த்தைகளுக்குள் அடங்காது. கணினி பழுதானால் கான்ட்ராக்ட் வரி, பூட்டிய பரிவர்த்தனை, ரீஃபண்ட் பரிவர்த்தனை மூன்றும் வேண்டும். பூட்டிய கையோடு ஒரு பென் டிரைவில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

33. நமக்கு உடம்பு முடியாமல் போனால் ரீஃபண்டை யார் அனுப்புவது? கையெழுத்திட்ட ரீஃபண்ட் பரிவர்த்தனையை நம்பிக்கையான ஒருவருக்குக் கோப்பாகவே கொடுத்து வைக்கலாம். காசு நம் முகவரிக்குத்தான் போகும்படி கையெழுத்தாகி இருப்பதால் அவர் நினைத்தாலும் திசைதிருப்ப முடியாது. நேரம் வந்ததும் எக்ஸ்ப்ளோரரில் ஒட்டி அனுப்பினால் போதும். நான் பெரியம்மா மகளிடம் கொடுத்து வைக்கிறேன், அவளுக்குக் கிரிப்டோ பற்றி எதுவும் தெரியாது.

34. இரண்டு பூட்டும் விழுந்து இருவரும் எடுத்து முடிக்கும்வரை போன் சார்ஜில் இருக்கட்டும், மொபைல் டேட்டா தனியாகக் கையில் இருக்கட்டும். மின்வாரியம் மாதாந்தரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்திருக்கிற நாளில் தொடங்க வேண்டாம். கல்யாணம், திருவிழா, ரயில் பயணத்துக்கு முந்தின நாளும் வேண்டாம்.

35. முகவரியை ஒட்டியதும் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தைச் சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள். நகல் எடுத்த முகவரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. பழைய லைட்காயின் முகவரிகளில் சில பிட்காயின் போலவே 3ல் தொடங்கும் என்பதால், ‘எம்’ எழுத்திலோ ‘எல்டிசி1’ என்றோ தொடங்கும் புது வகையையே கேட்டு வாங்குங்கள்.

36. ஸ்வாப் செயலியைத் தேடுபொறி விளம்பரத்திலிருந்து இறக்காதீர்கள். திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கி, அங்கே கொடுத்திருக்கும் செக்சம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸிலேயே இதற்கான ‘செர்ட்யூடில்’ கட்டளை இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

37. மொனேரோ வேண்டுமா? அந்த செயினில் இப்படிப் பூட்டுப் போடும் வசதியே கிடையாது. அதனால் அடாப்டர் கையெழுத்து என்ற வேறு வித்தையில் பிட்காயின்–மொனேரோ ஸ்வாப் 2021 முதல் நடக்கிறது. அதில் பிட்காயின் வைத்திருப்பவர்தான் முதலில் பூட்டுவார். கைக்கு வந்த மொனேரோவைச் செலவழிக்க 10 பிளாக், அதாவது சுமார் 20 நிமிடம் பொறுக்க வேண்டும், காணோமே என்று கலங்காதீர்கள்.

38. சாதாரண ஸ்வாப்பில் இரண்டு செயினிலும் ஒரே ஹாஷ் பதிவதால், தேடுகிறவர்கள் ‘இந்தக் காசும் அந்தக் காசும் ஒரே மாற்று’ என்று கண்டுபிடித்துவிடலாம். சேமிப்பு மொத்தமும் இருக்கும் வாலட்டிலிருந்து நேராகப் பூட்டாமல், தேவையான அளவை மட்டும் தனி வாலட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

39. தம்பி பூட்டிய பிறகும் அக்கா எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியும். விலை ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் மாறுகிறவர்கள் உண்டு. வெளியாட்களோடு மாற்றும்போது பிணை கேட்கிற இடமாகப் பாருங்கள். டெக்ரெட் குழு 2020 அக்டோபரில் தொடங்கிய டிசிஆர்டெக்ஸில் வியாபாரக் கட்டணம் இல்லை, ஆனால் பிணைக் காசை நேரப்பூட்டில் வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். பாதியில் கைவிட்டால் அடுத்த வியாபாரத்துக்கான தகுதி குறையும். பிணை பறிபோவதில்லை, காலம் முடிந்ததும் திரும்ப வரும்.

40. வீட்டுக் கணினியில் பிட்காயின் நோட் மென்பொருள் ஓடினால் அடுத்தவர் எக்ஸ்ப்ளோரரை நம்ப வேண்டாம். முழுச் செயினுக்கு 600 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், ஆனால் ப்ரூன் முறையில் பழைய பிளாக்குகளை அழித்துக்கொண்டே போகலாம். ஆகக் குறைந்த 550 எம்பி என்ற அளவில் கடைசி 288 பிளாக், அதாவது இரண்டு நாள் மட்டுமே நிச்சயமாக இருக்கும். 48 மணி நேர ஸ்வாப்புக்கு அது விளிம்பு, 2,000 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

41. இந்தியாவில் இருப்பவர்களுக்கு: நடுவில் ஆள் இல்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. ஒரு கிரிப்டோவைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான். 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். வாங்கிய விலையை மட்டும் கழிக்கலாம், பரிவர்த்தனைக் கட்டணத்தைக் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது.

42. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் இல்லாத மாற்றில் இருவருமே வாங்குபவர், இருவருமே விற்பவர். வரம்பைத் தாண்டினால் இருவரும் கட்டி, கட்டிய ரசீதை ஒருவருக்கொருவர் காட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது வருமான வரித் துறையின் விளக்கம். மாற்றிய நிமிடத்தில் இரண்டு நாணயத்தின் ரூபாய் விலையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த நோட்டுப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால், மார்ச் முடிந்ததும் ஆடிட்டரிடம் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

43. எதையும் அசல் காசில் தொடங்க வேண்டாம், டெஸ்ட்நெட்டில் இரண்டு முறை செய்து பாருங்கள்: ஒருமுறை முழுசாக முடித்து, ஒருமுறை வேண்டுமென்றே பாதியில் விட்டு ரீஃபண்ட் எடுத்து. டெஸ்ட்நெட் காசு ‘ஃபாஸெட்’ என்கிற குழாய்களில் இலவசமாகக் கிடைக்கும். பழகி முடித்ததும் மிச்சத்தை அந்தக் குழாயின் முகவரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், அடுத்துக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு உதவும்.